அத்தியாயம் 7: கைக்குழந்தையை ஒப்படைக்கும் வீடு

ஜொகூர் மாநிலத்தின் பாலோவில் வீடு இருக்கிறது, உறவு இருக்கிறது, கோயிலும் கடைவீதியும் ரயில் நிலையமும் இருக்கின்றன. வேலைதான் பலருக்கு ஊருக்கு வெளியே இருக்கிறது. ஒருவருக்குக் குளுவாங்கில் தொழிற்சாலை ஷிப்ட். இன்னொருவருக்கு அங்கேயே என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனையில் தாதி வேலை. இன்னும் சிலர் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், வார இறுதியில் மட்டும் ஊர் திரும்புகிறார்கள். பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால் குழந்தையைப் பற்றிய கவலை பாதி குறையும். அவர்கள் இல்லாத குடும்பத்துக்குக் கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்பதுதான் பெரிய கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட அதிக அவகாசமும் இல்லை. 2023 ஜனவரி முதல் மலேசியாவில் தனியார் துறைப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 98 நாள். விடுப்பு முடியும்போது குழந்தைக்கு மூன்று மாதம் சற்றுத் தாண்டியிருக்கும். கழுத்து இன்னும் முழுமையாக நிற்காத, பசித்தால் அழ மட்டுமே தெரிந்த வயது. அந்தப் பிள்ளையை வேறொருவர் கையில் கொடுக்கப் போகிறீர்கள். தேடலைக் கர்ப்பத்தின் ஆறாவது, ஏழாவது மாதத்திலேயே தொடங்குங்கள். விடுப்பின் கடைசி வாரத்தில் தேடுபவர், கிடைத்த வீட்டை ஏற்றுக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வலியுறுத்துகிறது. சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். "அந்த அக்காவை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்" என்பதே தகுதிச் சான்றாகிவிடுகிறது. ஒருவரைத் தெரியும் என்பது வேறு, அவர் இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையை எப்படிக் கையாள்வார் என்பது தெரியும் என்பது வேறு. முதலாவது பழக்கத்தில் வரும். இரண்டாவது, கேட்டும் நேரில் பார்த்தும்தான் வரும்.

ஆயாக் கொட்டகை விட்டுச்சென்ற பழக்கம்

நம் சமூகத்துக்கு இது புதிய பிரச்சினை அல்ல. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போன தாய்மார்கள், தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரம் வெட்டப் போனார்கள். வயதான ஓர் ஆயா, வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்கள், ஒரு பால் அடுப்பு. அந்த ஆயாக்கள் அன்பில் குறை வைக்கவில்லை. ஆனால் எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆயா என்ற கணக்கை யாரும் கேட்கவில்லை. தாய்க்கு வேறு வழியும் இல்லை.

இன்று லயத்து வீடுகளை விட்டுப் பலர் தாமான்களுக்கு வந்துவிட்டார்கள். ஆயாக் கொட்டகையின் இடத்தில் "பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீடு" வந்திருக்கிறது. பழைய பழக்கம் மட்டும் தொடர்கிறது: பிள்ளையைக் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்காமல் போய்விடுகிறோம். கேட்டால் அந்த அக்கா மனம் நோகும் என்று தயங்குகிறோம். தொழிலாக இதைச் செய்பவர் கேள்விக்கு நோகமாட்டார். நல்ல பராமரிப்பாளர் நீங்கள் கேட்பதற்கு முன்பே பாதிப் பதிலைச் சொல்லிவிடுவார்.

சட்டம் எங்கே தொடங்குகிறது

குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கான சட்டம் 1984ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 308ஆம் எண் சட்டம். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இடம் எதுவானாலும் அது தஸ்கா. அதைச் சமூக நல இலாகாவில், அதாவது ஜேகேஎம்மில், பதிவு செய்தாக வேண்டும். பராமரிப்பவர் தம் சொந்த வீட்டில் பத்துக்கும் குறைவான பிள்ளைகளைப் பார்த்தால் அது வீட்டுத் தஸ்கா. வீடுதானே, இதற்கு எதற்குப் பதிவு என்று யாராவது சொன்னால் அது தவறு.

மூன்று பிள்ளைகள் வரை பார்ப்பவருக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. பாலோ போன்ற ஊரில் பெரும்பாலும் நீங்கள் சந்திக்கப்போவது இத்தகையவரைத்தான். அதனால் அவர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர் ஆகிவிடமாட்டார். 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு குழந்தையைப் பார்ப்பவரையும் பராமரிப்பாளர் என்றே கருதுகிறது. குழந்தை காயப்படுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் சமூக நல அதிகாரியிடம் தெரிவிப்பது அவர் கடமை. குழந்தையைத் துன்புறுத்தினாலோ கவனிக்காமல் விட்டுத் தீங்குக்கு ஆளாக்கினாலோ, 2016இல் செய்த திருத்தத்தின்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

பதிவுபெற்ற தஸ்காவுக்குப் போனால் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அது சுவரில் மாட்டியிருக்க வேண்டிய ஒன்று. அதில் இருக்கும் பெயரும் முகவரியும் நீங்கள் நிற்கும் வீட்டுடையதா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா, எத்தனை பிள்ளைக்கு அனுமதி என்று படியுங்கள். இரவில் பார்ப்பதும் அந்த அனுமதியில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் குளுவாங் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். பதிவுபெற்ற தஸ்காவுக்குக் கட்டும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. பதிவில்லாத வீட்டின் கட்டணம் குறைவாகத் தெரிந்தால் இதையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

பயிற்சியையும் கேளுங்கள். தஸ்கா நடத்துபவர்களும் அங்கே வேலை செய்பவர்களும் முடிக்க வேண்டிய அடிப்படைப் பயிற்சியைப் பெரும்பாலானோர் "கேஏபி" என்ற சுருக்கப் பெயரால் அறிவார்கள். தனியாகப் பிள்ளை பார்ப்பவரிடம் அந்தச் சான்றிதழ் இல்லாமல் போகலாம். முதலுதவிப் பயிற்சியாவது இருக்க வேண்டும். குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டட்டும். அந்தப் பயிற்சிக்கான கட்டணத்தை நீங்களே கட்ட முன்வந்தால் அது நல்ல செலவு.

ஒரு ஜோடிக் கைக்கு எத்தனை பிள்ளை

தஸ்காக்களுக்கான 2012ஆம் ஆண்டு விதிகள் ஒரு கணக்கைத் தருகின்றன. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர்.

பதிவு தேவைப்படாத வீட்டிலும் இந்தக் கணக்கையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது அந்த வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். "நான் ரெண்டு பிள்ளைதான் பார்க்கிறேன்" என்பவருக்குச் சொந்தமாக ஒன்றரை வயதில் ஒன்று இருக்கலாம், பள்ளி முடிந்து வரும் பேரப்பிள்ளைகள் இருவர் இருக்கலாம். படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனிக்கும் பொறுப்பும் இருக்கலாம். அதுவும் அதே இரண்டு கைகளின் வேலைதான்.

ஒரு காட்சியை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்று வாந்தி எடுக்கிறது. மூன்றாவது தவழ்ந்து குளியலறைப் பக்கம் போகிறது. அப்போது யார் எழுந்து ஓடுவது? "வீட்டுக்காரர் இருக்கிறார்" என்றால் அவர் எந்த நேரத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

போனில் பேசி முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, பிள்ளைகள் அங்கே இருக்கும் நேரத்திலேயே பேசுங்கள்.

1. குழந்தை விடாமல் ஒரு மணி நேரம் அழுதால் என்ன செய்வீர்கள்?
2. கடைசியாக ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது என்ன செய்தீர்கள்?
3. இந்த வீட்டில் யார் யார் தங்குகிறார்கள், யார் யார் வந்து போகிறார்கள்?
4. உங்களுக்கே காய்ச்சல் வந்தால் பிள்ளையை யார் பார்ப்பார்?
5. கார் இருக்கிறதா, ராத்திரியில் அதை ஓட்ட ஆள் இருக்கிறதா?
6. முன்பு உங்களிடம் பிள்ளையை விட்ட பெற்றோர் இருவரிடம் நான் பேசலாமா?

இவற்றில் முதல் கேள்விதான் உயிர்நாடி. பிறந்து ஆறு முதல் எட்டு வாரம் வரையில் குழந்தையின் அழுகை உச்சத்தில் இருக்கும். அதன் பிறகும் பல நாள் காரணம் தெரியாத அழுகை வரும். பொறுமை இழந்த ஒருவர் குழந்தையைப் பிடித்துச் சில நொடி உலுக்கினாலே மூளைக்குள் ரத்தம் கசியும், பார்வை போகும், உயிரும் போகலாம். "என்கிட்ட வந்தா எந்தப் பிள்ளையும் அழாது" என்ற பதில் கேட்க இனிமையாக இருக்கும். அதில் தெளிவு இல்லை. "பசியா, ஈரமா, சூடா, வயிற்று வலியா என்று பார்ப்பேன். ஒன்றும் சரிவராவிட்டால் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் வெளியே வந்து மூச்சு வாங்குவேன். பிறகும் அடங்காவிட்டால் உங்களைக் கூப்பிடுவேன்" என்று சொல்பவர் இந்தத் தொழிலை அறிந்தவர்.

மூன்றாவது கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு ஜேகேஎம்மிடம் இருக்கிறது. பராமரிப்புக்கு ஒருவரை அமர்த்துபவர் அதில் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். வேலைக்கு ஆள் எடுப்பவர் அடையாள அட்டை நகல் கேட்பது எப்படி இயல்போ, இதுவும் அப்படித்தான்.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

வரவேற்பறையில் மட்டும் உட்கார்ந்து திரும்பாதீர்கள். உங்கள் பிள்ளை உறங்கும் அறை, பால் கலக்கும் இடம், குளியலறை மூன்றையும் பார்க்க அனுமதி கேளுங்கள்.

குளியலறையில் தண்ணீர்த் தொட்டியோ பீப்பாயோ வாளியோ நிரம்பி நிற்கிறதா என்று பாருங்கள். தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் ஒரு சாண் தண்ணீரே போதும். வாளியைக் கவிழ்த்து வைப்பதும் குளியலறைக் கதவை வெளியே தாழிடுவதும் அந்த வீட்டின் பழக்கமாக இருக்க வேண்டும். சமையலறை வாசலில் தடுப்பு உண்டா, வெந்நீர்ப் போத்தல் எட்டும் உயரத்தில் இருக்கிறதா, மாத்திரைகளும் பூச்சி மருந்தும் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். வாசலுக்கு நேரே சாலையா, வாய்க்காலா, அதற்கு அடைப்பு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய தண்ணீர் டெங்கிக் கொசுவுக்கு இடம்.

தாலாட்டத் தொட்டில், உறங்கத் தட்டையான மெத்தை

நம்மவர் வீட்டில் தொட்டில் இல்லாமல் குழந்தை இல்லை. சேலைத் தொட்டில் என்றாலும் ஸ்பிரிங் தொட்டில் என்றாலும் அதில் ஆட்டினால்தான் பிள்ளை கண் மூடும். ஆனால் துணி வளைந்து கொடுப்பதால் சிறு குழந்தையின் தாடை நெஞ்சில் படிந்து மூச்சுப் பாதை அடைபடலாம். முகம் துணியில் புதையலாம். சற்று வளர்ந்த பிள்ளை துணியில் சிக்கிக்கொள்ளலாம். எனவே தொட்டிலில் ஆட்டுவது பராமரிப்பாளரின் கண் முன்னால், பிள்ளை கண் அயரும் வரை மட்டும். அயர்ந்ததும் தட்டையான, உறுதியான மெத்தைக்கு மாற்றிவிட வேண்டும்.

மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும், பகலிலும் இரவிலும். தலையணை, கனமான போர்வை, துணிப் பொம்மை எதுவும் கூடாது. குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1992இல் பரிந்துரைத்தார்கள். மல்லாக்கப் படுக்க வைக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவிய பின் உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. இதற்குச் செலவும் இல்லை. "குப்புறப் போட்டாத்தான் நல்லாத் தூங்கும்" என்று சொல்பவரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக உங்கள் விதியைச் சொல்லுங்கள்.

கழுத்தில் கட்டிய தாயத்துக் கயிறு, சட்டையில் குத்திய ஊக்கு, கையில் தளர்ந்த கருகமணி ஆகியவற்றை உறங்கும் முன் கழற்ற வேண்டும். குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவது, முகத்தருகே பவுடர் போடுவது, மூடிய அறையில் கொசுவத்தி கொளுத்துவது எல்லாம் பிஞ்சு நுரையீரலுக்குச் சுமை. கொசுவுக்கு வலைதான் நல்லது.

பாலும் மருந்தும்

கறந்து வைத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் சமையலறை அதைவிடச் சூடானது என்பதால், கொண்டுபோன உடனே ஐஸ்பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். அங்கே நான்கு நாள் இருக்கும். கதவுத் தட்டில் வேண்டாம், உள்ளே பின்பக்கம் வையுங்கள். ஒவ்வொரு போத்தலிலும் பிள்ளையின் பெயர், தேதி, நேரம் எழுதுங்கள். வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும், மைக்ரோவேவில் கூடாது. பிள்ளை குடித்து மீதி வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

பால்மாவு என்றால், கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறிப்போகும் முன் மாவைக் கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். மாவில் இருக்கக்கூடிய கிருமியைக் கொல்ல அந்தச் சூடு தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ராத்திரி எழ வேண்டுமே என்று முன்கூட்டியே கலந்து போர்வைக்குள் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

தேன் மட்டும் ஒரு வயது வரை நாக்கில் கூடத் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி குழந்தையின் குடலில் வளர்ந்து உடலைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, கிரைப் வாட்டர் என்று பாட்டி வைத்தியமாக எதையும் உங்களைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தூக்கம் வருவதற்காகச் சளி மருந்து கொடுப்பது குற்றத்துக்குச் சமம். எழுத்தில் நீங்கள் தராத எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

உணவு வழக்கங்களையும் பேசிவிடுங்கள். பாலோவில் உங்கள் பிள்ளையை ஒரு மலாய் மக்சிக்கோ சீன அண்டியோ பார்க்கலாம். பல குடும்பங்கள் அப்படி வளர்ந்த பாசத்தைத் தலைமுறையாகக் காப்பாற்றி வருகின்றன. உங்கள் வீட்டில் எது சாப்பிடுவதில்லை என்பதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

இரவைத் தனியாக விசாரியுங்கள்

பகலில் நல்ல பராமரிப்பாளராக இருப்பவர் இரவுக்கும் ஏற்றவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவில் வேறு கண் இல்லை, அக்கம்பக்கத்தார் கதவு மூடியிருக்கும், கிளினிக் மூடியிருக்கும்.

முதலில் உறக்கத்தைக் கேளுங்கள். காலை ஏழு மணி முதல் மாலை ஆறு வரை நான்கு பிள்ளைகளைப் பார்த்த ஒருவர், அதே இரவில் உங்கள் பிள்ளைக்காக மூன்று முறை எழ முடியுமா? எழுந்தாலும் மறுநாள் அவர் நிலை என்ன? இரவுப் பிள்ளை எடுப்பவர் பகலில் ஓய்வெடுக்க வேண்டும், அல்லது வீட்டில் பொறுப்பான இன்னொருவர் முறை மாற்றிக்கொள்ள வேண்டும். வாரம் முழுவதும் பிள்ளையைத் தங்க வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அடுத்து, படுக்கும் இடம். பராமரிப்பாளர் அதே அறையில் படுக்க வேண்டும், ஆனால் அதே படுக்கையில் அல்ல. களைத்து உறங்குபவரின் கை மேலே விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. சோபாவில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உறங்குவது இன்னும் ஆபத்தானது. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிடுபவரும், மது குடிப்பவர் இருக்கும் வீடும் இரவுப் பராமரிப்புக்கு ஒத்துவராது.

மூன்றாவது, பூட்டு. நம் வீடுகளில் எல்லாச் சன்னலுக்கும் இரும்புக் கிரில், வாசலுக்குப் பூட்டு. திருடனுக்காகப் போட்ட பூட்டு தீப்பிடித்தால் எமனாகும். சாவி எங்கே தொங்குகிறது, இருட்டில் கை நீட்டினால் கிடைக்குமா, வெளியேற இன்னொரு வழி உண்டா என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். பிள்ளை படுக்கும் அறைக்கு வெளியே புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள்.

நான்காவது, மருத்துவமனைக்குப் போகும் வழி. பாலோவிலிருந்து குளுவாங் மருத்துவமனைக்குக் காரில் ஏறத்தாழ அரைமணி நேரம். இரவில் அவசரம் வந்தால் யார் ஓட்டுவார், அதே நேரம் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார், 999க்கு அழைப்பவர் வீட்டு முகவரியை எப்படிச் சொல்வார் என்பதையெல்லாம் முன்பே பேசி, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். காரில் குழந்தை இருக்கையும் வேண்டும். 2020 முதல் மலேசியாவில் அது சட்டம்.

காய்ச்சல் வந்தால்

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்ப்பது கூடாது. இரவானாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த வயதிலும் மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், வலிப்பு, எழுப்பினால் எழாமை, பால் முற்றிலும் மறுப்பு, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை ஆகியவற்றுக்கும் அதே விதி. பராமரிப்பாளர் வீட்டில் ஒரு வெப்பமானி இருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்ப்பது போதாது.

கை, கால், வாய் நோய் மலேசியத் தஸ்காக்களுக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. ஒரு பிள்ளைக்கு வந்தால் வரிசையாக மற்றவர்களுக்கும் வரும். நோயுள்ள பிள்ளையை எப்போது வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை இரு தரப்பும் மதிக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விட்டுப் போகும் பெற்றோரும் தவறுதான் செய்கிறார்கள். பிள்ளையின் தடுப்பூசிப் பதிவுப் புத்தகத்தின் நகலைப் பராமரிப்பாளரிடம் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

உறவுக்காரரானாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். அதில் இவை இருந்தால் போதும்:

- வரும் நேரம், போகும் நேரம், இரவுகள் எத்தனை
- மாதக் கட்டணம், இரவுக்கும் பொது விடுமுறைக்கும் தனிக் கட்டணம், தாமதமானால் கூடுதல் எவ்வளவு
- முன்பணம், அது திரும்பக் கிடைக்குமா
- பால்மாவு, பேம்பர்ஸ், சோறு யார் பொறுப்பு
- பிள்ளையை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் யார். மற்றவர் வந்தால் கொடுக்கக் கூடாது
- மருந்து, மருத்துவமனை பற்றிய ஒப்புதல்
- பிள்ளையின் படத்தை வலைத்தளங்களில் போடக் கூடாது
- ஒரு தரப்பு விலகிக்கொள்ள எத்தனை வார முன்னறிவிப்பு

இன்னொரு வரியையும் சேருங்கள். பிள்ளை வர வேண்டிய நேரம் கடந்து 15 நிமிடத்தில் வரவில்லை என்றால் பராமரிப்பாளர் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். வேலை அவசரத்தில், பின் இருக்கையில் உறங்கும் பிள்ளையை மறந்து காரைப் பூட்டிப்போன பெற்றோர் இந்த நாட்டிலும் உண்டு. அந்த ஒரு போன் உயிரைக் காக்கும்.

ஒத்திகை பார்த்துவிட்டு விடுங்கள்

விடுப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே பழக்குங்கள். முதல் நாள் நீங்களும் கூடவே இருங்கள். இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம் விட்டு வாருங்கள். பிறகு அரை நாள், முழு நாள். இரவுப் பராமரிப்பு என்றால், நீங்கள் வேலைக்குப் போகாமல் பாலோவிலேயே இருக்கும் ஓர் இரவில் முதலில் விடுங்கள். கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் போகலாம் என்ற நிலையில் அந்த முதல் இரவு கழியட்டும்.

அதற்கு முன் ஒருநாள், உங்கள் பிள்ளை அங்கே இருக்கப்போகும் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு டிவி எவ்வளவு சத்தமாக ஓடுகிறது, யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மற்றப் பிள்ளைகள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். பகல் பத்து மணிக்குக் கூட்டித் துடைத்த வீடு அதைச் சொல்லாது.

விட்ட பிறகும் பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பால் எத்தனை மணிக்கு எவ்வளவு, உறக்கம், சிறுநீர், மலம், காய்ச்சல், விழுந்தது, அழுதது எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். நன்றாகப் பால் குடிக்கும் கைக்குழந்தை ஒரு நாளில் குறைந்தது ஆறு முறை சிறுநீர் கழிக்கும். எண்ணிக்கை குறைந்தால் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டும்போது உடம்பு முழுவதும் பாருங்கள். தவழவோ நிற்கவோ தொடங்காத குழந்தைக்கு ரத்தக்கட்டு தானாக வருவது அரிது. கன்னத்திலோ காதிலோ முதுகிலோ விரல் தடம் போலத் தெரிந்தால் "எங்கேயோ பட்டிருக்கும்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் வலுத்தால் தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஊரில் பேச்சாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். பேச்சு நாலு நாளில் அடங்கும்.

முன்னறிவிப்பில்லாமல் எப்போதாவது போய்ப் பாருங்கள். நல்ல பராமரிப்பாளர் கதவைத் திறந்து "வாம்மா, இப்பத்தான் தூங்குச்சு" என்பார். எப்போது போனாலும் வாசலிலேயே நிறுத்திப் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் கவனமாக இருங்கள்.

கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள்

இத்தனை கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டென்றால் ஒரு கடமையும் உண்டு. கைக்குழந்தையை இரவு முழுவதும் பார்ப்பது வேலை. கூலிக்கு உரிய, கடினமான வேலை. பேசிய தேதியில் பணம் கொடுங்கள். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு வாருங்கள். தாமதமானால் முன்பே சொல்லுங்கள். அவருக்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உயிர்போல் இருப்பவரிடம் பேரம் பேசி ஐம்பது ரிங்கிட் குறைத்தால், அவர் ஈடுகட்ட இன்னொரு பிள்ளையைச் சேர்ப்பார். அப்போது மூவருக்கு ஒருவர் என்ற கணக்கு உங்கள் கையாலேயே உடைகிறது.

பாலோவில் நல்ல மனம் படைத்த பெண்கள் பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் நான்காவது பிள்ளையை எடுக்கப்போகிறார் என்றால், பெற்றோர் சேர்ந்து அவருக்குப் பதிவுக்கும் பயிற்சிக்கும் துணை நில்லுங்கள். குளுவாங் சமூக நல அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிப்போவது ஒரு காலை நேர வேலை. பதிவுபெற்ற ஒரு வீடு இந்த ஊருக்குக் கிடைத்தால், அடுத்து வரும் தாய்மாருக்கும் அது கிடைக்கும்.

இந்த வாரமே ஓர் இரவில், நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் அந்த வீட்டுக்குப் போங்கள். உங்கள் பிள்ளை படுக்கப்போகும் மெத்தையைக் கையால் அழுத்திப் பாருங்கள், சாவி தொங்கும் ஆணியைப் பாருங்கள், அந்த ஆறு கேள்விகளையும் கேளுங்கள். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.